பூட்டிக் கிடக்கும் கம்புகளைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரக் கல்லூரி முதல்வர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகப் போட்டி முடிந்து திரும்பிய வாரத்தில் மூன்று கல்லூரிகளிலிருந்து எனக்கு போன் வந்தது. மூன்றிலும் ஒரே கேள்விதான். "சார், உங்க பிள்ளைங்க மட்டும் எப்படி வருசா வருசம் போல்வால்ட்ல மெடல் அடிக்கிறாங்க? என்ன ட்ரெய்னிங் குடுக்குறீங்க?" அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், பதிலில் பாதி உங்கள் ஸ்போர்ட்ஸ் ரூமுக்குள் பூட்டிக் கிடக்கிறது.

ஊன்றித் தாண்டுகிற கம்பு என்னிடம் 14 இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். பயிற்சி எல்லாரும் கொடுப்பதுதான்: காலை ஐந்தே முக்காலுக்கு மைதானம், புதுப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் மணலில் மூங்கில், வாரத்தில் இரண்டு நாள் மெத்தை, மழை வந்தால் கயிறு ஏறுவது. என்னைவிட நன்றாகப் படித்த கோச்சுகள் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் 3 மீட்டரிலேயே நின்றுவிடுவது திறமை இல்லாமல் இல்லை, அவர்கள் கையில் இரண்டே கம்பு.

அழைப்பிதழில் கோலூன்றித் தாண்டுதல் என்று அச்சடிக்கிறோம், மைதானத்தில் போல்வால்ட் என்கிறோம், நான் இங்கே கம்பு என்றே எழுதிவிட்டுப் போகிறேன். ஈட்டி ஒன்று வாங்கினால் கல்லூரியில் இருக்கிற அத்தனை பையன்களும் அதையே எறியலாம். கம்பு அப்படி இல்லை, அது செருப்பு மாதிரி, ஆளுக்கு ஆள் அளவு. ஒவ்வொரு கம்பிலும் நீளமும் எடையும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், 12 அடி 130 பவுண்ட், 13 அடி 145 பவுண்ட் என்று. 130 பவுண்ட் என்றால் ஏறக்குறைய 59 கிலோ. அதற்கு மேல் எடை உள்ளவர் அந்தக் கம்பைத் தொடக்கூடாது. அடுத்தது 135, அதற்கடுத்தது 140 என்று ஐந்தைந்து பவுண்டாக ஏறும். எடையை மட்டும் பார்த்தாலும் போதாது. முதலாமாண்டில் 52 கிலோவோடு வருகிற பெண் மெல்ல ஓடுவாள், கம்பைத் தாழ்த்திப் பிடிப்பாள். மூன்றாமாண்டில் அவளே 57 கிலோ, ஓட்டம் கூடியிருக்கும், பிடி ஒரு முழம் மேலே போயிருக்கும். இடைப்பட்ட காலத்தில் அவள் ஐந்தாறு கம்பு மாறியிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் வெளிநாட்டிலிருந்து வருவது, ஏற்றிவருகிற கூலியும் வரியும் சேர்ந்தால் சாதாரணமாக அரை லட்சத்தைத் தாண்டும். ஒரு பெண்ணுக்காக எந்தக் கல்லூரி ஆறு கம்பு வாங்கும்? வாங்கவே வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாற்றாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கம்பு ஆளுக்கு மெலிதாக இருந்தால் அளவுக்கு மீறி வளைந்து, மேலே தூக்காமல் முன்னால் வீசிவிடும், சில சமயம் முறியும். விறைப்பாக இருந்தால் செங்குத்தாக எழவே எழாது, பாதியில் நின்று ஆளை வந்த வழியே திருப்பி அனுப்பும். திரும்பி விழுகிற இடத்தில் மெத்தை கிடையாது, ஓடுதளமும் அந்தப் பெட்டியும்தான். பெட்டி என்பது கம்பு ஊன்றுகிற, 1 மீட்டர் நீளத்துக்குச் சரிந்து 20 சென்டிமீட்டர் ஆழத்தில் முடிகிற பள்ளம், பார்க்கச் சாதுவாக இருக்கும். 2002 பிப்ரவரியில் அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் கெவின் டேர் போட்டியின் நடுவே அந்தப் பெட்டியில் தலை மோதி இறந்துபோனார். அதற்கப்புறம்தான் அங்கே மெத்தை அளவு பற்றிய விதிகளைத் திருத்தினார்கள். நம் ஊரில் அவ்வளவு தூரம் போனதில்லை என்றாலும், நான் கோச்சாக வந்த புதிதில் 61 கிலோ பையனுக்கு 160 பவுண்ட் கம்பைக் கொடுத்து ஓடவிட்டேன், வேறு கம்பு இல்லை, மறுநாள் தேர்வுப் போட்டி. பாதியில் நின்று திரும்பி வந்தான். இடது கணுக்கால் இளநீர்க்காய் மாதிரி வீங்கிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. அவன் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, "கம்பு பெருசா இருந்தா நல்லதுதானே சார்?" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாங் ஜம்பில் பலகையை மிதித்து மிதித்து, மூன்று வாய்ப்புக்கும் சிவப்புக் கொடி வாங்கி வந்து ஓரமாக அழுதுகொண்டிருந்தவள். "இங்க பலகை இல்ல, வாம்மா" என்று கூட்டிவந்தேன். அது பாதிப் பொய். ஊன்றி எழும்புகிற நொடியில் மேலே பிடித்திருக்கிற கையும் கீழே தரையை உதைக்கிற கால்விரலும் கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததுபோல ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கால் அரை அடி உள்ளே போனால் கம்பு தோளைப் பிடுங்கி இழுக்கும், கொடி காட்டுகிற ஆள்தான் இருக்க மாட்டார். நான் ஓடுதளத்துக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு குந்திக்கொண்டு அவள் காலை மட்டும் பார்ப்பேன், மேலே குறுக்கே கிடக்கிற, தாண்ட வேண்டிய பாரை நிமிர்ந்தும் பார்க்க மாட்டேன். பார் விழுந்ததா இல்லையா என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு தாண்டலுக்கும் தரையில் ஒரு கோடு. முதல் மாதம் கோடுகள் அரிசிமாவு கொட்டியதுபோல இரண்டு அடிக்குச் சிதறிக் கிடந்தன. ஒரு நாள் எட்டுக் கோட்டில் ஆறு ஒரு ஜாணுக்குள் விழுந்தது. எழுந்து போய் அடுத்த கம்பை உருவி அவள் கையில் கொடுத்தேன். அந்த அடுத்த கம்பு அன்றைக்கு என்னிடம் இருந்தது, அவள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பேன்? "ஓட்டத்தக் குறச்சுக்கோ." வருடக்கணக்கில் ஓடப் பழக்கிய பிள்ளையிடம் மெல்ல ஓடு என்று சொல்வதைவிடக் கேவலம் ஒரு கோச்சுக்குக் கிடையாது. நான் நிறைய பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, உங்கள் ஸ்போர்ட்ஸ் ரூமுக்கு வருவோம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே எனக்குத் தெரிந்தே பத்துப் பன்னிரண்டு கம்புகள் சும்மா கிடக்கின்றன. எப்போதோ நன்றாகத் தாண்டிய ஒரு மாணவனுக்காகவோ மாணவிக்காகவோ வாங்கியிருப்பீர்கள். அவர்கள் படிப்பு முடித்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸிலோ ரயில்வேயிலோ சேர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்டது. கம்பு மட்டும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஒரு கல்லூரிக்கு (பெயர் வேண்டாம்) இரவல் கேட்டுப் போனேன். ரூமில் கம்பைக் காணோம். விசாரித்தால் ஆண்டு விழாவுக்கு பேனர் கட்ட எடுத்துப் போயிருந்தார்கள், இரண்டு முனையிலும் கட்டுக்கம்பியைப் போட்டு இறுக்கி, விழா முடிந்து மூன்று வாரமாகியும் அவிழ்க்கவில்லை. கம்பி பதிந்த இடத்தில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு தடம். ஃபைபர் கம்புக்கு அந்தத் தடம் போதும், ஸ்பைக்ஸ் ஆணி பட்ட சின்னக் கீறலே போதும், அடுத்த முறை முழுசாக வளையும்போது சரியாக அந்த இடத்தில்தான் முறியும். எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அங்கிருந்த அட்டெண்டர் அண்ணன், "அலுமினியத்தவிட இது நல்லா தாங்குது சார்" என்று பாராட்டியும் அனுப்பினார்.

நான் கேட்பது இதுதான். இந்த வட்டாரத்தில் எல்லாக் கல்லூரிக் கம்புகளையும் ஒரே பட்டியலில் கொண்டுவருவோம். கம்பு உங்களுடையதாகவே இருக்கட்டும், ரிஜிஸ்டரும் உங்களிடமே இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு எது பொருந்துகிறதோ அது ஒரு பருவத்துக்கு இரவல், அவ்வளவுதான். 11 அடியிலிருந்து 14 அடி வரை இடைவெளி பெரிதாக இல்லாமல் இருபது, இருபத்தைந்து கம்பு சேர்ந்தால் இங்கே ஒரு பிள்ளையும் "ஓட்டத்தைக் குறை" என்று கேட்க வேண்டியிருக்காது. புதிதாக வாங்குகிற கல்லூரி பட்டியலைப் பார்த்து ஓட்டையாக இருக்கிற எடையில் வாங்கலாம். போன வருடம் அடுத்தடுத்த இரண்டு கல்லூரிகள் ஒரே நீளத்தில் ஒரே பவுண்டில் ஆளுக்கு ஒன்று வாங்கின. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆடிட் ஆட்சேபணை வரும் என்பீர்கள், தெரியும். மார்ச் மாத ஸ்டாக் சரிபார்ப்புக்கு முதல் நாளே அத்தனை கம்பும் அந்தந்தக் கல்லூரி வாசலில் இருக்கும், என் செலவில் டாட்டா ஏஸ் வைத்துக் கொண்டுவந்து இறக்குகிறேன். முறிந்தால் யார் பொறுப்பு? கம்பு முறியத்தான் செய்யும், இரவல் வாங்கியவரும் கொடுத்தவரும் பாதிப் பாதி என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வோம். எதிராளிக் கல்லூரிக்கு நாமே கம்பு கொடுப்பதா என்று ஒரு நிர்வாகி கேட்டார். அவருக்காகச் சொல்கிறேன், உலக தடகள விதியிலேயே அடுத்தவர் கம்பை அவர் சம்மதம் இல்லாமல் எடுக்கக்கூடாது என்றுதான் இருக்கிறது. சம்மதித்தால் தாராளமாக எடுக்கலாம். பெரிய போட்டிகளில் பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டு வாங்கித் தாண்டுவதை நானே பார்த்திருக்கிறேன். நிர்வாகங்களுக்குத்தான் மனசு வருவதில்லை.

இந்த விளையாட்டில் தமிழ்நாட்டுப் பெயர் சின்னப் பெயர் இல்லை. பெண்களில் 2014ல் 4.15 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை வைத்தவர் சுரேகா. 2022 குஜராத் தேசிய விளையாட்டில் 4.20 தாண்டி அதை முறியடித்தவர் ரோசி மீனா பால்ராஜ். அதே போட்டியில் ஆண்களில் 5.31 தாண்டியவர் சிவ சுப்பிரமணியம். மூன்று பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆண்கள் சாதனை 2025ல் மத்தியப் பிரதேசத்துக்குப் போனது, அந்த மாநிலத்து தேவ் மீனா அந்த வருடம் கொச்சியில் 5.35 தாண்டினார். அவரையே 2026 ஜனவரியில் போட்டி முடிந்து திரும்பும் வழியில் கம்போடு பன்வெல் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்ததே, படித்தீர்களா? நாங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் கம்புகளைத் தார்ப்பாயில் சுருட்டி வேன் கூரையில் கட்டிப் புதுச்சேரியிலிருந்து வரும்போது, எல்லைச் சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் ரப்பர் மூடியைக் கழற்றச் சொல்லி, கம்புக்குள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். அவரையும் சொல்ல முடியாது, 13 அடி நீளத்தில் உள்ளே கூடாக ஒரு குழாய் பாண்டியிலிருந்து வந்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், "இத வச்சு எம்மாம் உசரம் தாண்டுவீங்க?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த பெயர்ப்பலகைக் கம்பத்தைக் காட்டினோம். நம்பவில்லை.

மெத்தை பற்றி ஒரு வரி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது எங்கள் மெத்தை தரையோடு தரையாகக் கிடந்தது. குடித்த தண்ணீரை அது பொங்கல் வரைக்கும் கக்கிக்கொண்டே இருந்தது, மேலே ஏறி மிதித்தால் ஓரத்தில் ஊற்று மாதிரி வரும். இப்போது கீழே மரப்பலகை அடுக்கியிருக்கிறோம். உங்களிடம் மெத்தை இருந்தால் நீங்களும் ஐப்பசி வருவதற்குள் தூக்கி வையுங்கள்.

போட்டிக்கு வர வேண்டாம், மெடலும் வேண்டாம், இந்த மாதத்துக்குள் உங்கள் ஸ்போர்ட்ஸ் ரூமைத் திறந்து கம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுவரில் சாய்க்காமல் தரையில் படுக்க வைத்து, ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் கவலைப்பட வேண்டாம், கம்பை என்னிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு முனைக்கும் முட்டுக் கொடுத்து, நடுவில் 50 பவுண்ட் எடையைத் தொங்கவிட்டு, எத்தனை சென்டிமீட்டர் தொய்கிறது என்று அளந்தால், தெரிந்த கம்புகளோடு ஒப்பிட்டு அது எந்த வகை என்று கண்டுபிடித்துவிடலாம். எடைக்குச் சாக்கு மூட்டை தயாராக இருக்கிறது. இருபத்திரண்டே முக்கால் கிலோ, தேவனாம்பட்டினம் மணல்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு கல்லூரி போல்வால்ட் கோச்