அரைக் கொத்துக் கேட்டால் அரைக் கொத்துத் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லடியில் வசித்து, கல்முனையிலுள்ள அலுவலகமொன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் எனக்கு மாலை பஸ்ஸில் இறங்கி வீடு சேர ஆறரை மணியாகிவிடும். கணவரும் ஏறாவூரிலிருந்து ஏறத்தாழ அந்த நேரத்துக்குத்தான் வந்து சேருவார். அதனால் கிழமைக்கு மூன்று இரவுகளாவது கடைச் சாப்பாடு என்பது எங்கள் வீட்டில் நெடுங்காலமாக வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு அவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தபோது, கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்டது, "கிழமைக்கு எத்தன நேரம் கடையில சாப்பிடுறீங்க?" என்பதைத்தான். விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். காலையில் அவசரத்தில் உண்ணும் ரொட்டி, மாலைத் தேநீரோடு உள்ளே போகும் றோல்ஸ் எல்லாவற்றையும் சேர்த்தால் பதினொரு நேரம் வந்தது.

"வெளியில் சாப்பிடாதீர்கள்" என்று சொல்வது எளிது. இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளிலும், தனி அறையில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளிடத்திலும், நாள் முழுவதும் முச்சக்கரவண்டி ஓட்டுபவரிடத்திலும் அந்த அறிவுரை செல்லாது. கடையில் சாப்பிடுவதையே எப்படிக் கொஞ்சம் நல்லதாக்கிக் கொள்வது என்பதையும், அதற்கு எங்கள் உணவகங்கள் எப்படிக் கைகொடுக்கலாம் என்பதையும் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். நம் நாட்டில் நிகழும் பத்து இறப்புகளில் எட்டுக்கு நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய கவலையன்று.

ஓர் இரவு, வாங்கி வந்த கோழிக் கொத்து ரொட்டிப் பார்சலைப் பிரிப்பதற்கு முன் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 850 கிராமுக்குச் சற்று மேல் காட்டியது. ஒருவர் சாப்பாடு என்று விற்கப்பட்ட பார்சல் அது. கோப்பையில் கொட்டிக் கிளறியபோது கண்ணில் பட்டதெல்லாம் கோதுமை மா ரொட்டித் துண்டுகள். கரட்டும் லீக்ஸும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. பார்சல் தாளின் மடிப்பில் மஞ்சள் எண்ணெய் தேங்கி நின்றது. இத்தனை நாளும் ஆளுக்கொன்றாக இதை வாங்கி, மிச்சம் வைத்தால் வீணாகிவிடுமே என்று வயிறு நிறைந்த பின்னரும் உண்டு முடித்திருக்கிறோம். அன்றுமுதல் இருவருக்கு ஒரு பார்சல்தான் வாங்குகிறோம். கூடவே வீட்டில் ஒரு வெள்ளரிக்காயும் தக்காளியும் நறுக்கி, தேசிக்காய் பிழிந்து வைத்துக்கொள்கிறோம். ஐந்து நிமிட வேலை அது.

அதன் பிறகு கேட்கவும் பழகிக்கொண்டேன். காத்தான்குடியில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையில், "காக்கா, எண்ணெய் கொஞ்சமா விட்டு, மரக்கறி கூடப் போட்டு, ஆணத்தத் தனியாக் கட்டித் தாங்க" என்று முதல் தடவை தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "அதுக்கென்ன தங்கச்சி, சொன்னாத்தானே தெரியும்" என்று அவர் உடனே செய்து தந்தார். ஆணத்தை, அதாவது கறிக் குழம்பை, தனியாகக் கேட்பதில் பெரிய பயன் உண்டு. உப்பும் எண்ணெயும் அதிலும் இருக்கின்றன, கொத்தில் ஊற்றிப் பிரட்டிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்புப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சோயா சோசும் சுவையூட்டியும் சேர்த்துப் பிரட்டிய பிரைட் ரைஸ் உண்ட இரவில் அடங்காமல் எடுக்கும் தாகத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பகலில் கடையில் சாப்பிட நேர்ந்தால் சோறும் கறியும்தான் என் தெரிவு. பருப்பு, இரண்டு மரக்கறி, கீரைச் சுண்டல், மீன் என்று அதில் எல்லாம் இருக்கின்றன; குவித்து வைக்கப்படும் சோறுதான் மிகை. போட்ட பின் ஒதுக்கி வைப்பதைவிட, போடும்போதே "சோறு குறைச்சு, கீரை கூட" என்று சொல்லிவிடுவது நல்லது. பொரித்த மீனுக்குப் பதிலாக மீன் கறியைக் கேட்கலாம். பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்தது எதுவானாலும் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நாட்டிலேயே நெல் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் ஒன்று அம்பாறை. அப்படியிருந்தும் எங்கள் பக்கத்துக் கடைகள் பலவற்றில் சிவப்பரிசிச் சோறு கேட்டால் இல்லை என்ற பதிலே வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நாம் கவனிக்காமலே உண்பது தேநீர் வேளையில்தான். மேசையில் அமர்ந்ததும், கேட்காமலே வடை, றோல்ஸ், கட்லட் நிறைந்த தட்டொன்று முன்னால் வந்துவிடுகிறது. உண்டதற்கு மட்டும் காசு என்பது நேர்மையான வழக்கம்தான். ஆனால் பசித்தவர் முன் எட்டுப் பொரியலை வைத்துவிட்டால் ஒன்றோடு நிறுத்துபவர் எத்தனை பேர்? தட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பிளேன்டீயைக் குடித்து முடித்தபின் கிளாசின் அடியில் கரையாமல் கிடக்கும் சீனியைப் பாருங்கள். மேலே கரைந்து போனது எவ்வளவு என்பது புரியும். குளிர்பானப் போத்தல்களிலோ 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவாக இருந்தால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். சிவப்பைத் தவிர்ப்பவர்கள்கூடச் செம்மஞ்சளைக் கண்டதும் நிம்மதியடைந்து விடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 8 கிராம் சீனியுள்ள செம்மஞ்சள் பானத்தை 400 மில்லிலீற்றர் குடித்தால் 32 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டிச் சீனி, உடலில் சேர்கிறது. பார்சலோடு சோடாவையும் சேர்த்து வாங்கும் பெற்றோர் இந்தக் கணக்கை ஒருமுறை பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் வாடிக்கையாளர் தலையிலேயே சுமத்துவதும் நியாயமன்று. வேறொரு கடையில் அரைக் கொத்துக் கேட்டபோது, "அரை போடுறல்ல, வேணுமெண்டா முழுசா எடுங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட்டு வெறுங்கையோடு திரும்பினேன். காசு மிச்சம் பிடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்தார்கள் போலும். வாழைச்சேனை முதல் பொத்துவில் வரையுள்ள உணவக உரிமையாளர்களையும் வர்த்தக சங்கங்களையும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: விலைப்பட்டியலில் "அரை" என்று ஒரு வரியைச் சேருங்கள், சீனியைத் தேநீரில் போடாமல் தனியே வையுங்கள், நாளொன்றுக்கு ஒரு பானையாவது சிவப்பரிசி வடியுங்கள். பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல இவை. உள்ளூராட்சிச் சபைகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் கடைகளுக்குச் செல்லும்போது துப்புரவைப் பற்றிப் பேசுவதோடு இதையும் ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால், கேட்க வெட்கப்பட்டு முழுப் பார்சலோடு வீடு திரும்பும் என்னைப் போன்றோர் பலருக்கு அது பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.