கருகிய பேட்டரியைக் கூரியரில் அனுப்பச் சொன்ன உங்கள் பதில் குறித்து

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சார்ஜரில் பேட்டரி தீப்பிடித்தது, கையேட்டில் உள்ள தவறான அறிவுரை

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் டார்ச் விளக்கையும், அதனுடன் வந்த 18650 வகை லித்தியம் அயனி பேட்டரிகள் இரண்டையும், சார்ஜரையும் 7 மாதங்களாகப் பயன்படுத்தி வந்தேன். சென்ற மாதம் 12-ஆம் தேதி, சார்ஜரில் இருந்த பேட்டரிகளில் ஒன்று தீப்பிடித்தது. அதைத் தெரிவித்து நான் எழுதிய மின்னஞ்சலுக்கு 9 நாள் கழித்து மூன்றே வரியில் பதில் அனுப்பினீர்கள். இரவில் சார்ஜ் போட்டது என் தவறு. ஆகவே உத்தரவாதம் செல்லாது. ஆய்வு செய்ய வேண்டுமென்றால் சேதமடைந்த பேட்டரியைக் கூரியரில் அனுப்பலாம். மூன்று வரிகளையும் மறுக்கிறேன். மூன்றாவது வரியைப் படித்த பிறகுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

அன்று நடந்தது இது. இரவு 9.40 மணி. வீட்டில் யாரும் தூங்கவில்லை. சார்ஜர் வழக்கம்போலச் சமையல் மேடைக் கல்லின் மேல் இருந்தது. மெத்தை மீதோ திரைச்சீலை அருகிலோ நான் சார்ஜ் போடுவதே இல்லை. பச்சை விளக்கு எரிந்து ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியிருக்கும். குக்கர் விசில் அடங்கும்போது வருவதைப் போன்ற ஒரு சீறல் கேட்டது. கூடவே நகப்பூச்சு நீக்கியின் நெடி, வெள்ளைப் புகை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். அதற்குள் என் மகள் இழுப்பறையிலிருந்து உங்கள் கையேட்டை எடுத்து உரக்கப் படித்தாள்: "தீப்பிடித்தால் எக்காரணம் கொண்டும் தண்ணீர் பயன்படுத்தாதீர்கள்."

வாளியோடு அப்படியே நின்றேன். அரை நிமிடம் இருக்கலாம். அதற்குள் ஒரு முழ உயரத்துக்குத் தீ பீறிட்டது. மேலே அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் டப்பா உருகிச் சொட்டத் தொடங்கியது. இனிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று எட்ட நின்றே தண்ணீரை வீசினேன். அணைந்தது. மீண்டும் புகைந்தது. இன்னும் இரண்டு வாளி ஊற்றினேன். பக்கத்துத் துளையில் இருந்த இரண்டாவது பேட்டரி தப்பியது அந்தத் தண்ணீரால்தான்.

உங்கள் கையேட்டின் அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. உலோக லித்தியம் தண்ணீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். ரீசார்ஜ் செய்ய முடியாத சில லித்தியம் பேட்டரிகளில் அந்த உலோகமே இருக்கிறது. நீங்கள் விற்றது அதுவல்ல. லித்தியம் அயனி பேட்டரியில் லித்தியம் உலோகத் தகடாக இல்லை. எரிவது பெரும்பாலும் உள்ளிருக்கும் கரைப்பான் திரவம். அந்தத் தீயில் சுடரைவிட வெப்பம்தான் பெரிய பகை. வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் அணைந்தது மறுபடி பற்றும், பக்கத்துப் பேட்டரியும் சேர்ந்து கிளம்பும். வெப்பத்தை இழுப்பதில் தண்ணீருக்கு நிகராக வீட்டில் வேறொன்றும் இல்லை. முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதைப் பற்றி உங்கள் கையேட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது.

என் பங்குக்கு ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். புகை வந்தவுடன் எல்லோரையும் வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். இரண்டு நாள் இருமினேன். மகள் நல்லவேளையாக வாசல் பக்கம் நின்றாள். புகை அறையை நிறைத்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும் என்று கையேடு சொல்லியிருக்கலாமே. தீக்காயத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்பதையாவது அச்சிட்டிருக்கலாம். 32 பக்கக் கையேட்டில் விளக்கின் ஒளிரும் முறைகளுக்கு மட்டும் 6 பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

இனி என் மேல் சுமத்திய குற்றம். "முழுச் சார்ஜ் ஆனதும் தானாக நின்றுவிடும், இரவு முழுவதும் விட்டாலும் கவலையில்லை" என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டது நீங்கள். அதை நம்பி இரவில் சார்ஜ் போட்டால் உத்தரவாதம் போய்விடுமா? மறுநாள் காலை, நன்றாகக் குளிர்ந்த பிறகு, தப்பிய பேட்டரியை வெளியே வைத்து மல்டிமீட்டரில் அளந்தேன். 4.37 வோல்ட். இவ்வகைப் பேட்டரிக்கு முழுச் சார்ஜ் என்பது 4.2 வோல்ட், உங்கள் பேட்டரியின் உறையிலும் அதுதான் எழுதியிருக்கிறது. பச்சை விளக்கு எரிந்ததே தவிர மின்னோட்டம் நிற்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும்? அளவீட்டின் புகைப்படத்தை இணைத்திருக்கிறேன்.

கூரியர் விஷயத்துக்கு வருகிறேன். சேதமடைந்த லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கூடாது என்பது உலகெங்கும் உள்ள விதி. பேட்டரி விற்கும் உங்களுக்கா அது தெரியாது? ஒருமுறை பற்றிய பேட்டரி சில மணி நேரம் கழித்தும், சில நாள் கழித்தும்கூட மீண்டும் பற்றலாம். அதை அட்டைப் பெட்டியில் போட்டு, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒருவரின் பையில் நான் ஏற்றிவிட வேண்டும் என்கிறீர்கள். மாட்டேன்.

வாங்கிய பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அதைவிட அவசரமானது, இதே தொகுப்பில் விற்ற சார்ஜர்களைச் சோதித்து, வாங்கியவர்களுக்கு எச்சரிக்கை அனுப்புவது. கையேட்டின் அந்த வரியை நீக்கிவிட்டுச் சரியானதை அச்சிடுங்கள். இணையத்தில் இருக்கும் பிரதியை இன்றே மாற்றலாம், அச்சகத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

கருகிய பேட்டரி வீட்டுக்கு வெளியே, சுவரிலிருந்து தள்ளி, ஓர் இரும்பு வாளித் தண்ணீரில் கிடக்கிறது. தப்பியதை மணல் நிரப்பிய மண்சட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். இரண்டையும் முறையாக எடுத்துச் செல்லத் தெரிந்த ஆளை எந்தத் தேதியில் அனுப்புகிறீர்கள் என்று தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், புகைப்படங்கள் 5, உங்கள் பதில் மின்னஞ்சலின் நகல்