இரண்டு தேதிக்காரர்கள்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. பொடி எழுத்தெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறது. விளைவு, இந்தக் கடிதம் நீளப்போகிறது; பொறுத்துக்கொள்.

பேத்தி விவகாரத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். 2024 பிப்ரவரி 29-ல் பிறந்தவளுக்கு மற்ற வருஷங்களில் பிறந்தநாள் 28-ஆம் தேதியா, மார்ச் 1-ஆ என்று மருமகளும் உன் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு கட்சியாமே? நீ எந்தக் கட்சியிலும் சேர்ந்துவிடாதே. வேண்டுமானால் மொரார்ஜி தேசாய் கதையைச் சொல்லிச் சமாளி. அவர் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நாலு வயதில் வரவேண்டிய பிறந்தநாள் அவருக்கு வரவே இல்லை, ஏனென்றால் 1900 லீப் வருஷம் கிடையாது. நூறால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட்டால்தான் அந்தச் சலுகை. ஆகவே எட்டு வயதில்தான் முதல் பிறந்தநாள்! 99 வயது வாழ்ந்த மனிதருக்கு அசல் பிறந்தநாள் 23 தான். உன் பேத்திக்கும் 2100-ல் இதே ஏமாற்றம் காத்திருக்கிறது. 72 வயதில் கொண்டாடிவிட்டு 80 வரை காத்திருக்க வேண்டும். இப்போதே எங்காவது எழுதிவைத்துவிடு, அப்புறம் தாத்தா சொல்லவில்லை என்று பேச்சு வரக்கூடாது.

வம்பு ஆரம்பித்தது ஜூலியஸ் சீசர் காலத்தில். பருவங்கள் ஒரு சுற்று முடிய 365 நாளும் 5 மணி 48 நிமிஷமும் சொச்சமும் ஆகிறது. அவருடைய காலண்டர் அதைத் தாராளமாக ஆறு மணி என்று வைத்துக்கொண்டது. வருஷத்துக்குப் பதினோரு நிமிஷம் பெரிய கடனா என்று தோன்றும். அது வட்டி போட்டுக் குட்டி போட்டு, 1582-ல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி பத்து நாளை ஒரேயடியாக வெட்ட வேண்டியதாயிற்று. அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. ஸ்பெயினில் புனித தெரேசா காலமானது சரியாக அந்த இரவில்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சென்னை, புதுச்சேரி சங்கதி. பிரெஞ்சுக்காரர்கள் புதுக் காலண்டருக்கு மாறிவிட்டார்கள். போப் சொல்லி நாம் கேட்பதா என்று இங்கிலாந்து 1752 வரை முறுக்கிக்கொண்டு நின்றது. நடுவில் 1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். தோற்றவன் ஏட்டில் அது செப்டம்பர் 10, ஜெயித்தவன் ஏட்டில் செப்டம்பர் 21! அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போனவன் காகிதத்தில் பதினோரு நாள் கூடுதலாக மூத்துவிடுவான். திரும்பி வந்தால் பழையபடி இளமை.

இதைப் படித்த பிறகு ‘வரலாற்றில் இன்று’ என்று தினமும் வரும் துணுக்குகளை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறேன். கலிலியோ போன வருஷமே நியூட்டன் வந்தார் என்று நம் இயற்பியல் வாத்தியார் கண்கள் மின்னச் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 இத்தாலியக் கணக்கு. நியூட்டன் பிறந்த 1642 கிறிஸ்துமஸ் இங்கிலாந்துக் கணக்கு. இத்தாலியில் அன்றைக்கு 1643 ஜனவரி 4. ஷேக்ஸ்பியர், ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸ் இருவருக்கும் இறந்த நாள் 1616 ஏப்ரல் 23 என்று போடுவதும் இதே ரகம்; ஷேக்ஸ்பியர் உண்மையில் பத்து நாளாவது பிந்தியவர்.

அதற்காகத் தற்செயலே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க ஜனாதிபதிகளாக இருந்த ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் 1826 ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளிலேயே, சில மணி நேர இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்களே! எந்தக் காலண்டரைப் புரட்டினாலும் அது கலையாது. டார்வினும் லிங்கனும் ஒரே நாளில், 1809 பிப்ரவரி 12-ல் பிறந்ததும் அப்படியே. ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தது கலிலியோ இறந்து சரியாக முந்நூறு வருஷம் கழித்து. அதைச் சொல்லிவிட்டு, அன்றைக்கு இன்னும் இரண்டு லட்சம் குழந்தைகளாவது பிறந்திருக்கும் என்று அவரே குறும்பாகச் சேர்த்துக்கொள்வார். எனக்கு அந்த மனிதரைப் பிடிப்பதற்கு அதுவே போதும்.

இன்னொன்று. 23 பேர் கூடினாலே, அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க ஐம்பது சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டாம். 40 பேர் என்றால் கிட்டத்தட்ட தொண்ணூறு. அப்படியானால் நம் வகுப்பில் ஒரு ஜோடியாவது இருந்திருக்க வேண்டும். அந்த பழைய குழுப் புகைப்படம் உன்னிடம்தானே இருக்கிறது? யார் யாரென்று யோசித்து எழுது. மருத்துவர் அடுத்த முறை முழங்காலைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுது.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்