சொடுக்கியவர் முன்னால் சாளரம் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டத்து அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டு கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் கோயில் மண்டபத்தின் பின்னறையில் ஆறு பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன. இளைஞர்கள் சிலர் சீர்செய்து, லினக்ஸ் மிண்ட் என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தவை. மாலை வேளைகளில் அக்கம்பக்கத்தாருக்கு அவற்றில் கணினி பழக்குகிறேன். இப்படிக் கணினிகளைச் சீர்செய்து தோட்டப்புறங்களுக்குக் கொடுக்கும் நல்ல மனிதர்கள் உங்கள் வாசகர்களில் பலர் இருப்பார்கள். இணைப்பைச் சொடுக்கினால் திறக்கும் சாளரம் முன்னால் வராமல் பின்னால் ஒளிந்துகொள்ளும் சிக்கல் ஒன்று அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஓர் அக்கா வந்தார். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய கை. ஜொகூரில் இருக்கும் மகள், பேரனின் படத்துக்கான இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். நீல எழுத்தின்மேல் சுட்டியைக் கொண்டுபோய் அழுத்தமாகச் சொடுக்கினார். திரையில் அசைவே இல்லை. அதே கடிதம் அப்படியே நின்றது. இன்னொரு சொடுக்கு. மறுபடியும். ஏழு முறை. பிறகு கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, "கிராணி ஐயா, நான் எதையோ கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது" என்றார்.

அவர் எதையும் கெடுக்கவில்லை. கடிதத்துக்குப் பின்னால் ஃபயர்பாக்ஸ் உலாவி பேரனின் படத்தை ஏழு தாவல்களில் திறந்து வைத்திருந்தது. கீழ்ப்பட்டையில் அதன் பொத்தான் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. கண் மங்கிய மனிதர் கடிதத்தைப் பார்ப்பாரா, திரையின் அடியில் மினுக்குவதைத் தேடுவாரா?

இது பழுதல்ல, ஒரு காவல். நாம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது வேறொரு சாளரம் பாய்ந்து முன்னால் வந்தால், அடிக்கும் எழுத்தெல்லாம் அதற்குள் போய் விழும். என் கடவுச்சொல்லின் பின்பாதி ஒருமுறை அப்படித்தான் அரட்டைப் பெட்டிக்குள் விழுந்தது. அதனால் சாளரங்களை நிர்வகிக்கும் மென்பொருள், நாம் கடைசியாக எதை எப்போது தொட்டோம் என்று குறித்து வைத்துக்கொண்டு, அழைக்காமல் வருவதைப் பின்னால் நிறுத்துகிறது. அந்தக் காவல் வேண்டும். ஆனால் இணைப்பைச் சொடுக்கியவர் அழைத்தவர் ஆயிற்றே! அழைத்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தி வைப்பது என்ன நியாயம்?

எங்கள் கணினிகளில் திரையையும் சாளரங்களையும் காட்டும் மேசைத்தளம் எக்ஸ்எஃப்சிஇ. அமைப்புகளில் 'விண்டோ மேனேஜர் டுவீக்ஸ்' திறந்து 'ஃபோகஸ்' தாவலுக்குப் போனால், ஒரு சாளரம் தானாக மேலெழும்போது என்ன செய்வது என்பதற்கு மூன்று விடைகள் இருக்கும்: இப்போதைய பணியிடத்துக்கே (நாம் பார்த்துக்கொண்டிருக்கும் திரைப்பரப்புக்கே) கொண்டுவருவது, அது இருக்கும் பணியிடத்துக்கு நாம் போவது, ஒன்றும் செய்யாமல் விடுவது. யாரோ மூன்றாவதைத் தேர்ந்து வைத்திருந்தார்கள். நான் முதலாவதை வைத்தேன். அக்கா மறுபடி சொடுக்கினார். பேரன் முன்னால் வந்து நின்றான்.

கேடிஇ பிளாஸ்மா என்னும் இன்னொரு மேசைத்தளத்தில் இந்தக் காவலுக்கு 'நன்' முதல் 'எக்ஸ்ட்ரீம்' வரை ஐந்து படிகள் உண்டு, 'லோ' போதும். உலாவி முன்னால் வந்தும் புதிய தாவல் மட்டும் மறைந்தே இருந்தால், ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் அடித்துத் திறக்கும் 'அபவுட் கான்ஃபிக்' பக்கத்தில் 'லோட் டைவெர்ட்டட் இன் பேக்கிரவுண்ட்' என்று முடியும் வரி 'ஃபால்ஸ்' ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

சாளரங்களைத் திரையில் காட்ட வேலண்டு என்னும் புதிய முறையைப் பயன்படுத்தும் லினக்ஸ் கணினிகளில் கதை வேறு. ஒரு செயலி இன்னொன்றைத் திறக்கும்போது அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். 2021-இல் வந்த 'எக்ஸ்டிஜி ஆக்டிவேஷன்' நெறிமுறை அதைத்தான் வகுக்கிறது. தோட்டத்து மருந்தகத்துக்குப் போக என்னிடம் சீட்டு வாங்கிப் போவார்கள், அதே கதைதான். கொடுப்பவர் மறந்தாலும் கொண்டுபோனவர் தொலைத்தாலும் ஆள் வெளியில்தான் நிற்க வேண்டும். ஆகவே அங்கே மின்னஞ்சல் செயலி, உலாவி இரண்டையும் முதலில் புதுப்பித்துப் பாருங்கள்.

என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. படிவம் இரண்டு மாணவன் ஒருவன், 1917-இல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்ட வரலாற்றைப் பாடவேலையாக எழுதிக்கொண்டிருந்தான். லிப்ரே ஆபிஸ் என்னும் ஆவணச் செயலியில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இணைப்பைச் சொடுக்கினான். திரையில் ஒன்றும் தோன்றாததால் இணையம் இல்லை என்று முடிவுகட்டி வீட்டுக்குப் போய்விட்டான். அவன் தேடிய பக்கம் அவன் எழுதிய தாளுக்குப் பின்னாலேயே திறந்து கிடந்தது.

கணினி கொடுக்கும் அன்பர்களே, பெட்டியில் போடுமுன் மின்னஞ்சலிலிருந்து ஓர் இணைப்பு, ஆவணத்திலிருந்து ஓர் இணைப்பு சொடுக்கிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. ஆசிரியர் அவர்கள் அந்த 'ஃபோகஸ்' தாவலின் படத்தைக் கணினிப் பகுதியில் வெளியிட்டால், வெட்டியெடுத்து மண்டபச் சுவரில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்