ஜட்கா வீட்டுப் பேரனுக்கு

மஞ்சக்குப்பம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து நாலு மாசம். என்ன சாக்கு சொன்னாலும் நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் தேவலை. சின்னவள் சிதம்பரத்தில் சேர்ந்துவிட்டாள். நம் சிநேகிதன் பல்லிக்கு மூன்றாவதும் பெண். சரி, விஷயத்துக்கு வருகிறேன். குதிரை.

சிரிக்காதே. தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றின மட்டக்குதிரைகளை, கால் ஓய்ந்ததும் யாரோ அவிழ்த்து விட்டுவிட்டார்கள். ஐந்து எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. மூன்று பெட்டை, இரண்டு ஆண். அதில் ஒரு செவலைப் பெட்டை ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் கேட்டில் முதுகு தேய்க்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். யாரும் சீவாததால் முன்னங்குளம்பு இரண்டும் நாடகத்து ராஜா செருப்பு மாதிரி நுனி வளைந்து மேலே நிற்கிறது. குதிகாலில் ஊன்றி ஊன்றி நடக்கிறது. கூடவே ஒரு குட்டி, வயிற்றில் இன்னொன்று.

தெருக்கூட்டத்தில் ஒரே தீர்மானம்: லாரியில் ஏற்றிக் கோடியக்கரைக் காட்டில் விட்டுவிடலாம், அங்கேதான் காட்டுக்குதிரைகள் இருக்கின்றனவே. முன்மொழிந்தவன் நான்தான். கைதட்டல் வேறு.

ஆவணியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போனவன், இடம் பார்த்து வைப்போமே என்று கோடியக்கரைக்கும் போனேன். காய்ந்த புல்வெளியில் ஒரு பக்கம் வெளிமான், ஒரு பக்கம் குதிரை. 1967இல் அதைச் சரணாலயமாக அறிவித்ததே வெளிமானுக்காகத்தான். இரண்டுக்கும் அதே புல். குதிரைக்கு மேலேயும் முன்பல் உண்டு, மானைவிட ஒட்டக் கடித்துவிடும். கூட வந்த ஊர்க்காரர் காய்ந்த குதிரை லத்தி ஒன்றைக் குச்சியால் உடைத்துக் காட்டினார். உள்ளே சீமைக்கருவேல் விதை, முழுசு முழுசாக. காயைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதைத்துக்கொண்டு போகிறது. 2018இல் கஜா புயல் அடித்து மானும் குதிரையும் செத்துக் கிடந்ததைச் சொன்னார். சொல்லும்போது 'அதுங்க' என்றார், இரண்டையும் சேர்த்தே. அந்த இடத்தில் நின்றுகொண்டு என் தீர்மானத்தை நினைக்க வெட்கமாகிவிட்டது, போ.

வந்ததிலிருந்து இதே படிப்புதான். அமெரிக்காவில் காட்டுக்குதிரைகளைக் காக்க 1971இலேயே சட்டம் போட்டார்கள். காத்தால் பெருகாதா? மந்தை நாலைந்து வருஷத்தில் இரட்டிக்கிறது. ஹெலிகாப்டரில் விரட்டிப் பிடித்து அடைத்ததில் 50 ஆயிரத்துக்கும் மேல் பட்டியில் நின்று தீனி தின்கின்றன. காட்டுக்குதிரை என்று பேர்தான். அதே நாட்டில் அசட்டீக் தீவின் மேரிலாந்துப் பக்கத்தில் 1994இல் வேறு வழி பிடித்தார்கள். பெட்டையைப் பிடிக்கவே இல்லை, தூர நின்று ஊசியைச் சுட்டார்கள். மருந்து பன்றியின் கருமுட்டை உறையிலிருந்து எடுத்த புரதம். அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் குதிரையின் சொந்த முட்டையிலும் போய் ஒட்டிக்கொள்ளும், விந்து உள்ளே போக முடியாது. ஒரு வருஷம் தாங்கும், பிறகு மறுபடி போடவேண்டும். கொலை இல்லை, கூட்டத்தைப் பிரிப்பதும் இல்லை. ஓயாமல் குட்டி போட்டுத் தேயாததால் பெட்டைகளுக்கு ஆயுசும் கூடியிருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பன்றி முட்டை பேசக்கூடாது என்று உத்தரவு.

நம் ஐந்துக்கு அவ்வளவு வேண்டாம். ஆண் இரண்டையும் காயடித்தால் போதும் என்கிறார் கால்நடை டாக்டர். ஒன்றை விட்டாலும் அது மூன்று பெட்டைக்கும் போதுமாம். செவலை குட்டி போடுவதற்குள் முடிக்கவேண்டும், போட்ட பத்து நாளில் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். குளம்பையும் அன்றைக்கே சீவிவிடலாம் என்றார். பிடித்துக் கட்டுவதுதான் பாக்கி. கயிற்றோடு கிட்டே போனேன். ஆண்களில் ஒன்றான கறுப்பன் உதைத்ததில் என் சைக்கிள் முன்சக்கரம் அப்பளம். நல்லவேளை, சைக்கிள் குறுக்கே இருந்தது.

உன் தாத்தாவின் ஜட்கா குதிரை ராஜாவை அடக்கியவன் நீதானே? முப்பது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வா. தாத்தாவின் கடிவாளம் பரணில் இருந்தால் எடுத்துக்கொண்டு வா. தோல் காய்ந்திருக்கும், விளக்கெண்ணெய் தடவி வை.

உன்,
ரவி