ஈ ஏன் சாமி கும்பிடுது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். பலாப்பழ சீசன் வந்துவிட்டது, கூடவே ஈயும்.

போன ஞாயிற்றுக்கிழமை பலாச்சுளைத் தட்டின் விளிம்பில் ஒரு ஈ முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டிருந்தது. உனக்கு ஐந்து வயதில் இதைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஈ ஏன் சாமி கும்பிடுது?" என்று கேட்டாய். பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில், "திருடப் போகுதுல்ல, அதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நீ ரொம்ப நாள் அதை நம்பினாய். விலங்கியல் வாத்தியார் பேசுகிற பேச்சா அது?

சரி, இப்போது சொல்கிறேன். ஈக்குக் காலிலும் நாக்கு உண்டு. பாதத்தில் உள்ள மெல்லிய முடிகள் பலவற்றின் நுனியில் பொடித் துளை இருக்கிறது, அடியில் சில நரம்புச் செல்கள். ஒன்றுக்கு இனிப்பு தெரியும், இன்னொன்றுக்கு உப்பு, மற்றொன்றுக்கு வெறும் தண்ணீர். இவை போக இன்னொரு செல் ருசி பக்கமே போகாது. முடி வளைந்தால் மட்டும் சேதி சொல்லும். ஆக, தொடுவதும் ருசிப்பதும் ஒரே முடியில். போகிற வழியில் ஒட்டுகிற அழுக்கெல்லாம் அந்தத் துளையை அடைத்தால் பிழைப்பு என்னாவது? அதனால்தான் தேய்க்கிறது. நாம் நாக்கு வழிக்கிறோம் இல்லையா, அது மாதிரி.

சொன்னால் போதுமா? அந்த ஈயை டம்ளரில் பிடித்து, ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தேன். அசைவு நின்றதும் முதுகில் ஒரு துளி மெழுகு வைத்து ஊதுபத்திக் குச்சியில் ஒட்டினேன். (அம்மா என்ன சொன்னாள் என்பதை அவளே உனக்குப் போனில் சொல்லியிருப்பாள்.) அமெரிக்காவில் வின்சென்ட் டெதியர் என்ற விஞ்ஞானி பல வருடம் இப்படித்தான் குச்சியும் மெழுகுமாக உட்கார்ந்திருந்தார்.

முதலில் வெறும் தண்ணீரில் கால் படும்படி இறக்கினேன். உடனே தும்பிக்கை, அதாவது அது உறிஞ்சிக் குடிக்கிற வாய்க்குழல், நீண்டது. ஏமாந்துபோனேன். அப்புறம்தான் உறைத்தது, அதற்குத் தாகம்! வேண்டிய மட்டும் குடிக்கவிட்டேன். பிறகு தண்ணீரில் கால் பட்டாலும் சும்மா இருந்தது. சர்க்கரைத் தண்ணீரில் கால் பட்டதுதான் தாமதம், டக்கென்று தும்பிக்கை இறங்கியது. வாய் இன்னும் தண்ணீரைத் தொடவே இல்லை, பாப்பா. அதே கரைசலில் உப்பை அள்ளிப் போட்டேன்; சுருட்டிக்கொண்டது.

தும்பிக்கை நுனியில் பஞ்சு மாதிரி இரண்டு மடல்கள், அவற்றிலும் இதே மாதிரி முடிகள். கால் சரி என்றாலும் மடலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உறிஞ்சும். வயிறு நிறைந்ததைச் சொல்வது வேறொரு நரம்பு. 1950களில் டெதியரும் போடன்ஸ்டைன் என்ற இன்னொரு விஞ்ஞானியும் அதை வெட்டிப் பார்த்தார்கள். ஈ நிறுத்தவே இல்லை, வயிறு பலூனாகும்வரை குடித்தது. கல்யாணப் பந்தியில் உன் சித்தப்பா ஞாபகம் வந்தது. அவனிடம் சொல்லிவிடாதே.

நீ இருக்கிற மும்பையில்தான், டாடா ஆராய்ச்சி நிலையத்தில், ஒபைத் சித்திக்கியும் வெரோனிக்கா ரோட்ரிக்ஸும் ருசி சரியாகத் தெரியாத பழ ஈக்களை வளர்த்து, எந்த மரபணுவில் கோளாறு என்று தேடினார்கள். கொலாபா பக்கம் போனால் வெளியிலிருந்தாவது அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வா.

மெழுகை உரித்து ஈயை ஜன்னல் கட்டையில் விட்டேன். கொஞ்ச நேரம் காலைத் தேய்த்துவிட்டுப் பறந்தது. டம்ளரை அம்மா மூன்று தடவை கழுவினாள்.

அன்புடன்,
அப்பா