0.9 அடுக்கு 10

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மழை தொடங்கிவிட்டதால் எனக்குத்தான் அலைச்சல். மாடி மாடியாக ஏறித் தண்ணீர்த் தொட்டி பார்க்கிறோம். நேற்று ஒரு தொட்டியின் மூடி விரிசல் விட்டிருந்தது. மொண்டு பார்த்தால் ஒரு கரண்டியில் பதினோரு புழு. நீர்மட்டத்தோடு படுத்தாற்போல் கிடந்தன. அப்படிக் கிடந்தால் மலேரியா கொசு. டெங்கு கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும்.

அடுக்குக்குறி நடத்தும்போது "இது எதுக்கு சார்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், ஒரு உதாரணம் சொல் என்று எழுதியிருந்தாய். இந்தக் கொசுவையே சொல்.

மலேரியா நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. கிருமி அதன் உடம்பில் வளர்ந்து எச்சில் சுரப்பிக்கு வரச் சுமார் பத்து நாள் ஆகும். அதுவரை கொசு சாகாமல் இருக்க வேண்டும். ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 0.9 என்றால் பத்து நாளைத் தாண்ட 0.9 அடுக்கு 10. நூறில் 35 தேறும். வீட்டுச் சுவரில் மருந்தடித்து அந்த 0.9ஐ 0.8 ஆக்கினால் 11தான் தேறும். தேறியவையும் சராசரியாக ஒன்பதரை நாள் கடித்துத் திரிந்தது போய் நாலரை நாளில் செத்துவிடும். இரண்டையும் சேர்த்தால் பரவல் ஏழில் ஒரு பங்காகிறது. கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் பரவலும் பாதியாகும், அவ்வளவுதான். ஜார்ஜ் மக்டொனால்ட் என்ற மலேரியா ஆய்வாளர் 1950களில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அப்படியானால் நீ ஏன் தொட்டி தொட்டியாகப் புழு பார்க்கிறாய் என்று கேட்பாய். நகரத்தில் எல்லா வீட்டுச் சுவருக்கும் மருந்தடிக்க முடியாது. எங்களுக்குத் தெம்பு கொடுப்பது ரொனால்ட் ராஸ் போட்ட கணக்கு. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தவர். அதன்பின் மொரிஷியஸுக்கும் போய் வேலை செய்தார். கொசுவை அடியோடு ஒழிக்க முடியாதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டவர்களுக்கு, ஒழிக்க வேண்டாம், ஒரு அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக அணைந்துவிடும் என்று சமன்பாடு எழுதிக் காட்டினார். நோபல் பரிசு கிடைத்தது கண்டுபிடிப்புக்கு. எனக்கு இந்தக் கணக்கும் அதே அளவுக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது.

ஆனால் அந்த அளவுக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா. மருந்தடிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69இல் ஐந்து லட்சத்துக்கு மேல். கொசு எங்கேயும் போய்விடவில்லை, அதன் ஆயுள்தான் திரும்ப நீண்டிருந்தது. மலேரியா இல்லாத நாடு என்ற சான்று 2016இல்தான் கிடைத்தது. "அந்தத் தெருவில் கேஸே இல்லையே, விட்டுடலாமே" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 17தான் ஞாபகம் வருகிறது. போன மாதம்கூட அப்படி ஒருவர் சொன்னார். மறுநாளே அந்தத் தெருவுக்குப் போனேன்.

சரி, பிள்ளைகளிடம் 0.7 போட்டுப் பார்க்கச் சொல். நூறில் எத்தனை தேறும் என்று முதலில் கண்ணை மூடி ஊகிக்கட்டும், அப்புறம் பெருக்கட்டும். என்ன சொன்னார்கள் என்று எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி